இழுப்பறைக் குமிழ்

வீட்டில் அவளுக்குக் கரையான் என்று பெயர். வைத்தது அண்ணன். உடைந்த நாற்காலி, கழற்றிப் போட்ட கதவு, தெருமுனையில் மழையில் கிடந்த கட்டில் கால் என்று எது கண்ணில் பட்டாலும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பகலில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சாயங்காலம் வந்ததும் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்துக்குப் போய்விடுவாள். அவளுடைய கடைசல் எந்திரம் அங்கேதான் இருந்தது. செத்துப்போன வாஷிங் மெஷினின் மோட்டாரையும் இரும்புக் கட்டில் சட்டத்தையும் தையல் மெஷின் பெல்ட்டையும் சேர்த்து அவளே கட்டியது. மரத்தை இரண்டு முனைக்கு நடுவே பிடித்துச் சுழலவிட்டு உளியை வைத்தால் சீவல் சுருள் சுருளாக உதிரும்.

"நல்லவேளை நான் மரமா பொறக்கல. இந்நேரம் பம்பரமா ஆகியிருப்பேன்," என்பான் அண்ணன்.

"உங்களக் கடைஞ்சா பம்பரம் எங்க வரும்? முழுக்கத் தூள்தான்," என்பாள் அண்ணி.

அவள் செய்த கிண்ணங்களில் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. யாராவது ஜோடி கேட்டால், "கையால செய்யறது, ஒரே மாதிரி வராது, அதுதான் அழகு," என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். அழகு என்பது பாதி உண்மை. அவளுக்கு ஒரே அச்சில் இரண்டு செய்ய வராது என்பது மீதி.

சமையலறை இழுப்பறைகளுக்குக் குமிழ் இல்லாமல் போய் வெகுநாள். அண்ணி விரல் நுனியை அடியில் கொடுத்து நெம்பித்தான் திறப்பாள். அண்ணி அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு விடுமுறை நாளில், மாடிப்படிக்குக் கீழே கயிற்றால் கட்டிக் கிடந்த கம்புகள் அவள் கண்ணில் பட்டன. நடுவில் புடைத்து, மேலும் கீழும் வளையம் வைத்துக் கடைந்த கம்புகள். பழைய படிக்கட்டுக் கைப்பிடியிலிருந்து வந்தவை என்று நினைத்தாள்.

"அண்ணா, படிக்குக் கீழ இருக்கிற மரத்தை எடுத்துக்கவா?"

அண்ணன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எல்லாம் குப்பை. தின்னு தீத்துடு."

ஒரே ஒரு கம்பை உருவினாள். அறுத்து, கடைந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இழுப்பறைக்கு ஒரு குமிழாகப் பொருத்திவிட்டாள். திரும்பி வந்த அண்ணி, எடுக்க ஒன்றுமில்லாமலே ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள்.

"எங்கடி புடிச்ச இந்த மரத்தை?"

"வீட்லதான் அண்ணி."

"அதானே. வீட்டையே தின்னாத்தான் உனக்குச் செரிக்கும்."

அடுத்த வாரம் அண்ணி துடைப்பத்தோடு மாடிப்படிக்குக் கீழே நுழைந்தாள். பெருக்கும் சத்தம் பாதியில் நின்றது. அவள் எட்டிப் பார்த்தபோது, அண்ணி கம்புக் கட்டை அவிழ்த்து மடியைச் சுற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இதுல ஒண்ணு குறையுது. நீ பாத்தியா?"

அவள் கண் தானாகச் சமையலறைப் பக்கம் போனது. அண்ணியும் அந்தப் பக்கம் திரும்பினாள். கேட்க வேறு ஒன்றும் மிச்சமில்லை.

அது மரத்தொட்டிலின் கம்பு. முதல்முறை உண்டானபோது, பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கி அண்ணி வாங்கிவந்த தொட்டில். அந்தக் குழந்தை வீடு வந்து சேரவில்லை. அண்ணன்தான் தொட்டிலைக் கழற்றி, சட்டங்களைப் பீரோவுக்குப் பின்னாலும் கம்புகளைப் படிக்குக் கீழும் வைத்தான். அப்போது அவள் கல்லூரி விடுதியில் இருந்தாள். குழந்தை போன செய்தி போனில் வந்தது. தொட்டிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

இப்போது அண்ணிக்கு ஐந்தாம் மாதம். இன்றைக்குத்தான் அதை வெளியே எடுக்க மனசு வந்திருக்கிறது.

"அண்ணி, எனக்குத் தெரியாது. சத்தியமா..."

"விடும்மா. தெரிஞ்சா செய்வியா?" அண்ணி கம்புகளை அடுக்கினாள். "ஒண்ணு இல்லன்னா இடைவெளில புள்ள தலை மாட்டிக்கும். நானும் அவசரப்பட்டுட்டேன். இப்ப என்ன, இருக்கட்டும்." கயிற்றை முன்பைவிட இறுக்கிக் கட்டினாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம். அன்றிலிருந்து அண்ணி குமிழைத் தொடவில்லை. பழையபடி விரலை அடியில் கொடுத்து நெம்பினாள். குமிழ்கள் அவை பாட்டுக்கு இருந்தன.

அண்ணன் துணி துவைக்கும் இடத்துக்கு வந்து நின்றான். "தின்னச் சொன்னது நான்தானே? போய் ஒத்துக்கட்டுமா?"

"உன்னயும் திட்ட மாட்டாங்க. அதான் கஷ்டம்."

"எந்தக் கட்டுன்னு பாத்துச் சொல்லியிருக்கணும். எனக்கு அது ஞாபகமே வரல, கரையான்." குரல் இறங்கியது. "வரக்கூடாதுன்னு வெச்சிருந்தேனோ என்னவோ."

மறுநாளே கட்டிலிருந்து ஒரு கம்பை மாதிரிக்கு எடுத்து வந்தாள். ஒரு நாற்காலிக் காலை எந்திரத்தில் ஏற்றினாள். முதல் கம்பு கழுத்தில் மெலிந்து ஒடிந்தது. அடுத்ததில் மரத்துக்குள் ஒளிந்திருந்த ஆணி உளியின் வாயைப் பெயர்த்தது. மூன்றாவதை மாதிரியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கூடப்பிறந்ததாகத் தெரியவில்லை, ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. ஒரே மாதிரி வராது, அதுதான் அழகு என்று யாரிடமாவது இப்போது சொல்ல முடியுமா?

பரிசோதனைக்கூடத்தில் ஓர் அளவை மட்டும் நம்பக்கூடாது என்று பழக்கம். கட்டு முழுவதையும் கொண்டுவந்து காலிப்பரை வைத்து ஒவ்வொரு கம்பின் புடைப்பையும் கழுத்தையும் அளந்தாள். ஒன்றுகூட இன்னொன்றோடு பொருந்தவில்லை. ஒன்று பருமன், ஒன்று ஒல்லி. ஒன்றில் வளையம் லேசாகச் சாய்ந்திருந்தது. கடைந்தவரும் அவளைப் போன்ற ஆள்தான். அப்படியானால் இவ்வளவு நாளும் எதைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டிருந்தாள்?

எல்லாவற்றையும் வரிசையாகத் தரையில் படுக்க வைத்துத் தள்ளி நின்று பார்த்தாள். வளையங்கள் எல்லாக் கம்புகளிலும் ஒரே உயரத்தில் இருந்தன. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கோடு போட்டது போல. கண் அந்த வரிசையை மட்டும்தான் பார்க்கிறது. பருமனைப் பார்ப்பதில்லை.

பழப்பெட்டியிலிருந்து ஒரு பட்டையை உடைத்தெடுத்து வளையம், புடைப்பு, கழுத்து வரும் இடங்களில் பென்சிலால் குறித்தாள். சுழலும் மரத்தின்மேல் பட்டையைக் காட்டி, குறி விழுந்த இடத்தில் உளியை வைத்தாள். மற்றதைக் கையின் போக்குக்கு விட்டாள். இந்தத் தடவை கூடப்பிறந்தது வந்துவிட்டது.

நிறம் மட்டும் வெளுப்பு. கெட்டியான தேயிலைச் சாற்றைப் பூசிக் காயவிட்டாள். துருப்பிடித்த ஆணிகளை ஊறப்போட்ட வினிகரை அதன்மேல் தடவினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரம் கறுத்து, பழசாகிவிட்டது.

துடைத்து, காயவைத்து, கட்டோடு கட்டாகச் சேர்த்து அண்ணியின் முன்னால் வைத்தாள்.

"எண்ணிப் பாருங்க அண்ணி."

அண்ணி எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"நான் செஞ்சது..." என்று அவள் கை நீட்டப் போனபோது, "சொல்லாத," என்றாள் அண்ணி. "எனக்குத் தெரிய வேணாம்."

"எல்லாமே ஒண்ணுக்கொண்ணு வேறதான் அண்ணி. அளந்து பாத்தேன். செஞ்சவரும் சரியா செய்யல."

"அவரும் ஒரு கரையானா?" அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. கம்புகளைத் தரையில் உருட்டி, முறத்தில் அரிசி புரட்டுவதுபோல் இரண்டு கையாலும் கலந்துவிட்டாள். பிறகு அவளையே ஒரு தடவை பார்த்தாள். "இப்ப உனக்குத் தெரியுதா?"

அவளுக்குத் தெரிந்தது. ஓரத்திலிருந்து மூன்றாவது. "இல்ல அண்ணி," என்றாள்.

அண்ணி ஒன்றை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து வளைத்துப் பார்த்தாள். அசையவில்லை. இன்னொன்றை வளைத்தாள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் பார்த்து முடித்தாள்.

"உங்க அண்ணனக் கூப்பிடு. பீரோவுக்குப் பின்னால இருக்கிறத எடுக்கணும். தனியா தூக்கி, இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னு வந்து நிக்கப்போறாரு, நீயும் ஒரு கை குடு."

"ஸ்குரூ டிரைவர் வேணுமே அண்ணி."

"நான் எடுக்கிறேன்."

அண்ணி தரையில் கையூன்றி மெதுவாக எழுந்து சமையலறைக்குப் போனாள். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இழுப்பறைக்கு அடியில் போன அண்ணியின் விரல்கள் அங்கேயே கொஞ்சம் நின்றன. அப்புறம் மேலே வந்து, குமிழை முழுசாகப் பிடித்து இழுத்தன.