இல்லாத பதினோரு பேர்

சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, சன்னாசி மேசையில் கோல்கீப்பரை மாற்றிக்கொண்டிருந்தார். கோல்கீப்பர் என்றால் கை கால் உள்ள ஆள் இல்லை. காகிதத்தில் ஒரு பெயர். 1979இல் ஈப்போவைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் தபாலில் ஆடிய கால்பந்து அது. ஆளுக்கொரு கற்பனைக் குழு. வாராவாரம் யார் எந்த இடத்தில் ஆடுவது என்று எழுதி, ஈப்போவில் ரேடியோக் கடை வைத்திருந்த செபாஸ்டியனுக்கு அனுப்ப வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் அவர் பகடை உருட்டி, யாருக்கு எத்தனை கோல் என்று சொல்லுவார்.

இதில் என்ன சுகம் என்கிறீர்களா? சிம்பாங் பூலாய் கல்லுடைப்பு ஆலையில் முதலாளி தவுக்கே சன்னாசியை "ஏய்" என்றுதான் கூப்பிடுவான். ஈப்போ கடிதத்திலோ "மேனேஜர் சன்னாசி அவர்களுக்கு" என்றிருக்கும். ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபின் திசைக்கொருவராகச் சிதறிய சிநேகிதர்களும் சனிக்கிழமை அந்தக் கடையில்தான் ஒன்று கூடினார்கள். சுகம் தப்பில்லை. அது தலைக்கேறியதுதான் தப்பு.

"எம் மனுப் பாரத்த இன்னைக்காவது போஸ்ட் பண்ணிருவீங்களா?" என்றாள் மனைவி நவமணி.

அவளிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசி. குடிமக்களுக்கான நீல ஐசிக்கு மனுப் போட்ட சீட்டைத் திங்கட்கிழமை காலை ஆளெண்ணும் பெரட்டில் காட்டாதவர்களுக்கு வேலை இல்லை என்று அவள் பால்வெட்டும் பக்கத்துத் தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். பத்து காஜா ஊர்த் தோட்டத் தொழிலாளர் சங்கத்தார் வெள்ளிக்கிழமை எல்லார் மனுவையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துச் சீட்டு வாங்கித் தருவதாக ஏற்பாடு. பாரம் மலாயில் இருந்ததால் ரோசரி டீச்சர் வீட்டுக்கு நாலு நடை நடந்து அதை நிரப்பியிருந்தாள்.

"பண்றேன்லா. பைனல் நேரத்துல தொணதொணன்னு!"

கோல்கீப்பரை நினைத்தபடியே இரண்டு காகிதத்தையும் இரண்டு உறைகளில் திணித்து, ஒட்டி, விலாசம் எழுதினார்.

வந்த கடிதங்களைச் செபாஸ்டியன் முன்கூட்டிப் பிரிப்பதில்லை. குழு ரகசியம் கசிகிறது என்று ஒருமுறை கைகலப்பே ஆனபிறகு, சனிக்கிழமை எல்லார் முன்னாலும்தான் உறையைக் கிழிப்பார். அன்றும் கிழித்தார். உள்ளே நவமணியின் போட்டோ ஒட்டிய பாரம் இருந்தது.

"மேனேஜரு பொண்டாட்டியவே கோல்கீப்பரா எறக்கிட்டாருடோய்!" என்றான் எதிர்க்குழுச் சின்னையா. கடையே சிரித்தது.

"குழு வரல. சட்டப்படி நீ தோத்துட்ட, சன்னாசி" என்றார் செபாஸ்டியன்.

அந்த நிமிஷத்தில் மனிதனுக்குப் பெண்டாட்டி ஞாபகம் வரவேண்டுமே! வரவில்லை. "காயிதம் குடுலா, இப்பவே எழுதித் தாரேன்!" என்று சன்னாசி கத்தினார். சின்னையாவின் சட்டையைப் பிடித்தார். நாலு பேர் சேர்ந்து அவரை வெளியே தள்ளினார்கள்.

பாரத்தை அவர் பையில் செருகிய செபாஸ்டியன், "பைத்தியமாடா ஒனக்கு? இது நேத்தோட முடிஞ்சு போச்சுடா!" என்றார். அப்போதுதான் சன்னாசிக்கு நவமணி ஞாபகம் வந்தது; பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

வீட்டில் நவமணியின் மடியில் சங்கம் ஆள் மூலம் திருப்பி அனுப்பிய குழுக் காகிதம் கிடந்தது.

"கோல்கீப்பர் மாயாண்டி, பேக் பத்துமலை... பதினோரு பேரு, ரெண்டு ரிசர்வு. ஒருத்தனாச்சும் நெசமா இருக்கானா? சோறாக்கிப் போடுறவளுக்கு இதுல எடம் இருக்கா?"

"அடுத்த வாட்டி..."

"அடுத்த வாட்டி எப்ப? திங்கக்கெழம பெரட்டுல பேர் கூப்புடுற மண்டோரு கேப்பாரு. வந்து பதில் சொல்லுங்க, மேனேஜரு."

ஆசை ஆசையாய்க் கேட்ட பட்டம் அன்று செருப்படியாக விழுந்தது.

திங்கட்கிழமை விடிகாலை, ஆலைக்குப் போகாமல் பெரட்டில் அவள் பக்கத்தில் நின்றார். தப்பு தன்னுடையது என்று மண்டோரிடம் கெஞ்சினார். மண்டோர் நவமணியின் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு நவமணி திரும்பி நடந்தாள். சன்னாசி பின்னாலேயே ஓடினார்.

"ஆட்டம் ஆடுனது தப்பில்ல, நவமணி. இல்லாத பதினோரு பேருக்கு மேனேஜரா இருந்து, இருக்கிற ஒருத்திக்குப் புருசனா இல்லாமப் போனேன் பாரு, அதான் தப்பு."

அவள் நிற்கவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? பத்து காஜாவுக்கு பஸ் வருது. சங்கத்துல வந்து சொல்லுங்க."