ஆபீஸர் வருகிற நாள்

"மாப்பிள்ளை, போதும். எடுக்க நேரமாச்சு," என்றார் மச்சான்.

"பின்பக்கம் இன்னும் இருக்கு மச்சான்," என்று சொல்லிவிட்டு, தகப்பனார் பிள்ளையின் தலையை மெல்லத் தன் பக்கமாகத் திருப்பினார். கத்தரிக்கோல் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது. விடியற்காலையில் மூச்சு நின்றுபோன பிள்ளை. பதினோரு வயது. கூடியிருந்த சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்த பிள்ளைக்கு யாராவது முடி வெட்டுவார்களா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவர் வீட்டில் பிள்ளையின் தலை காடாகக் கிடந்தது. சோம்பலால் அல்ல. இன்றைக்குச் சரிபார்க்க ஆபீஸர் வருவதாக இருந்தது.

பிள்ளைக்கு வீட்டில் துரை என்று பேர். நிற்க வராது, பேச வராது, சோற்றைக் குழைத்து ஊட்ட வேண்டும். நாலு பேர் கைகட்டி வேலை செய்தால்தான் துரைக்குப் பொழுது விடியும். ஆனால் சிரிப்பான். கத்தரிக்கோல் சத்தம் கேட்டால் போதும், உடம்பே குலுங்கும். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று அரசாங்கத்தில் ஓர் உதவித் திட்டம் இருந்தது. வாரம் இரண்டு தடவை நர்ஸ் வீட்டுக்கே வருவாள். தொண்டையில் அடைக்கிற சளியை இழுக்க ஒரு மெஷின் கொடுத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஆபீஸரம்மாள் வந்து பார்ப்பாள், ஏதோ துரை நடுவில் எழுந்து ஓட ஆரம்பித்திருப்பான் என்கிற மாதிரி.

முதல் வருஷம் பிள்ளையைக் குளிப்பாட்டி, கிராப்பு வெட்டி, புதுச்சட்டை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். துரை அவளைப் பார்த்துச் சிரித்தான். "பரவாயில்லையே, நல்லா கவனிச்சுக்கறீங்க. இதைவிட மோசமா எத்தனையோ பிள்ளைங்க இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரத்திலிருந்து நர்ஸ் வரவில்லை. மெஷினும் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்குவதற்குள் நாய் படாத பாடு பட்டார்கள்.

அதற்குப் பிறகு புத்தி வந்தது. ஆபீஸர் வருகிற சமயத்தில் கத்தரிக்கோல் அவன் பக்கம் போகாது. கிழிந்த சட்டைதான். அன்றைக்குக் காலை ஆகாரம் கிடையாது. பசித்தால் அழுவான், அழுதால் சிரிக்க மாட்டான். அழுகிற பிள்ளையைப் பார்த்து அவள் இச்சுக் கொட்டும்போது மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அவர் வாசலில் போய்த் துப்பிவிட்டு வருவார்.

இன்றைக்கு யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. துரையைத் துரையாகவே அனுப்ப வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. காதோரம் ஒதுக்கினார், பிடரி முடியை மழித்தார், வகிடெடுத்துச் சீவினார். மனைவி நீலச் சட்டையின் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். பிள்ளை பார்க்க லட்சணமாக இருந்தான்.

வாசலில் வண்டி வந்து நின்றது. "ஆபீஸ் வண்டி," என்று யாரோ சொன்னார்கள்.

மனைவியின் கை பாய்ந்தது. சீவின தலையைப் பரபரவென்று கலைத்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் கை நின்றது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் சீப்பை எடுத்து மறுபடியும் வகிடெடுத்தார்.

ஆபீஸரம்மாளுக்கு வாசற்படியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"அடடா. ஒரு போன் பண்ணியிருக்கலாமே. இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்."

குனிந்து பிள்ளையைப் பார்த்தாள்.

"இவ்வளவு அழகான பையனா இவன்? நான் வந்தப்பல்லாம் பாவமா கிடப்பானே."

"நீங்க வர்றப்ப மட்டும்தான் மேடம் அப்படிக் கிடப்பான்," என்றார் அவர். "நாங்கதான் அப்படி ஆக்கி வைப்போம். நல்லா வச்சிருந்தா புடுங்கிட்டுப் போயிடுவீங்களே."

"என்மேல கோவப்பட்டு என்னங்க ஆகப்போகுது? இருக்கறது நாலு மெஷின். கேக்கறவங்க நூறு பேர். யாருக்கு ரொம்ப மோசமோ அவங்களுக்குத்தான் குடுக்க முடியும்." கொஞ்சம் தயங்கினாள். "அந்த மெஷினை இப்பவே எடுத்துட்டுப் போயிடறேன். இன்னொரு தடவை வண்டி குடுக்க மாட்டாங்க."

அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவருக்கு அருவருப்பாக இருந்தது. மச்சான் உள்ளே போய் மெஷினைத் துடைத்து எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தார்.

சுவரோரமாகப் பின் தெருக்காரி நின்றிருந்தாள். அவள் மகளுக்கும் துரைக்கு இருந்த அதே நோய். மெஷின் கேட்டுக் காத்திருக்கிறவள். துக்க வீட்டுக்கு வருகிறோமே என்று குழந்தையைத் துடைத்து, இரட்டைச் சடை பின்னி, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நீயும் இங்கதான் இருக்கியா? அடுத்தது உன் வீடுதான்," என்றாள் ஆபீஸரம்மாள். "இரு, கை கழுவிட்டு வர்றேன். உன் பொண்ணையும் பாத்துடலாம்." பின்பக்கம் போனாள். குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

பின் தெருக்காரிக்கு முகம் வெளுத்தது. அவள் இடுப்பிலிருந்த குழந்தை, சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக் கெக்கேயென்று சிரித்துக்கொண்டிருந்தது. அதன் வாயைப் பொத்தினாள். பொத்தின கைக்குள்ளும் அது சிரித்தது.

காலையிலிருந்து பிள்ளையின் பக்கத்தைவிட்டு அசையாத மனைவி எழுந்தாள். நேராகப் பின் தெருக்காரியிடம் போனாள். இரண்டு கையாலும் அந்தக் குழந்தையின் சடையை அவிழ்க்கத் தொடங்கினாள்.

பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. குழந்தை ஏதோ விளையாட்டென்று நினைத்து, தலையை அவள் கையில் சாய்த்துக்கொண்டு இன்னும் உரக்கச் சிரித்தது.