கூட்டாமல் விட்ட மூன்று

...மூன்று குழாய், ஆமாம், மூன்றுதான், நேற்றுச் சாயங்காலம் கமர் ஜஹான் அக்கா கழுவிக் கவிழ்த்து வைத்தது மூன்று, அப்படியென்றால் கணக்கில் அந்த மூன்று எங்கே போயிற்று... சீதா பஸ் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அடையாறில் ஏறும்போதுகூட மனசு லேசாகத்தான் இருந்தது, மடியில் கல்யாணப் பரிசு, தண்ணீர் சோதிக்கும் ஆய்வுக்கூடத்துக்கு லீவு சொல்லியாயிற்று, அங்கே கண்ணாடிக் குழாய் கழுவும் அக்காவின் மகள் குல்ஷனுக்கு இன்று திருவல்லிக்கேணியில் நிக்காஹ். இந்த எழுபத்தைந்தாம் வருஷத் தண்ணீர்ப் பஞ்சத்தில் மெட்ராஸே கிணற்றை நம்பித்தானே கிடக்கிறது, "எங்க வூட்டுக் கெணத்துத் தண்ணிய ஒருவாட்டி பாத்துச் சொல்லிடேன் சீதா, அம்மாம் பேரும் குடிக்கப்போறாங்க" என்று அக்கா பாட்டிலை நீட்டினாள், இதென்ன பிரமாதம் என்று வாங்கிக்கொண்டவள் இவள்தான்.

முதல் குழாயில் ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீருக்கு ஒன்பது பங்கு சுத்த நீர், அதில் ஒரு பங்கெடுத்து மறுபடி ஒன்பது, இன்னொரு தரமும் அப்படியே, பத்தின் அடுக்கு மூன்று, ஆயிரம் மடங்கு கரைத்தது. கடைசிக் குழாயிலிருந்து ஒரு மில்லி ஊற்றிக் கிருமி வளர்த்த தட்டில் புள்ளிகள் நாற்பது. நாற்பதுக்கு மடக்கை ஒன்று புள்ளி ஆறு, அதோடு மூன்றைக் கூட்ட வேண்டும், கூட்டினேனா... இல்லை, அடிப்பாவி, கூட்டவே இல்லை. எதற்கெடுத்தாலும் மடக்கை அட்டவணையைப் புரட்டி மேதாவி மாதிரி அலட்டிக்கொண்டாயே, சாதாரணமாய்ப் பெருக்கியிருந்தால் மூன்று சைபர் கண்ணில் பட்டிருக்குமே! மில்லிக்கு நாற்பது, குடிக்கலாம் என்று சீட்டில் கையெழுத்தும் போட்டாயிற்று. நாற்பதா அது, நாற்பதாயிரம்.

பள்ளிக்கூடத்தில் அடுக்கு சட்டென்று புரிந்தது, திரும்பிவர இரண்டு வழி என்றதும்தான் தலை சுற்றும்... எந்த எண்ணைப் பெருக்கினோம் என்று தேடினால் மூலம், எத்தனை தரம் பெருக்கினோம் என்று தேடினால் மடக்கை. இப்போது எதைத் தேடுவது? காலை ஆறு மணிக்கே அண்டாவில் அந்தத் தண்ணீரோடு பாலும் சர்க்கரையும் கரைத்திருப்பார்கள், இந்த வெயிலில் அரைமணிக்கொரு தரம் கிருமி இரட்டிக்கும், பதினொன்றுக்குள் பத்துத் தரம், இரண்டின் அடுக்கு பத்து, இன்னுமோர் ஆயிரம் மடங்கு. ஐயோ, நாலு கோடி, ஒவ்வொரு சொட்டிலும் லட்சக்கணக்கில். லஸ் முனையில் பஸ் நின்றது நின்றபடி நிற்கிறது. இறங்கி ஓடலாமா? அந்தச் சீட்டை அக்கா பத்திரமாக வைத்திருப்பாளா, கிழித்திருப்பாளா? வாந்திபேதி வந்தாலும் பிரியாணியைத்தானே குறை சொல்வார்கள்...

"இன்னாம்மா, திருவல்லிக்கேணி வந்து எம்மா நேரமாவுது, எறங்கல?" என்று கண்டக்டர் அதட்டினார்.

பந்தல் வாசலில் அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "இதோ வந்துட்டா பாருங்க! இவ டெஸ்ட் பண்ணிக் கொடுத்த தண்ணிதான், தைரியமா குடிங்க." சீதா வாயைத் திறந்தாள், அதற்குள் ஒரு தம்ளர் சர்பத் கைக்கு வந்துவிட்டது, ஐஸ் போட்டுச் சில்லென்று இருந்தது. பெஞ்சியில் காலித் தம்ளர்கள் வரிசையாக இருந்தன. அடையாறிலிருந்து இத்தனை கணக்குப் போட்டாளே, அதில் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு தரமாவது யோசித்தாளா? குல்ஷன் உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே இவளுக்குக் கையாட்டினாள், அவள் கையிலும் ஒரு தம்ளர், பாதி காலி.