திரையில் கௌதம்

பிரிசில்லாவுக்கும் அவள் கணவன் கௌதமுக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. புது ஸ்மார்ட்போன் வாங்கிய பிறகுதான், ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருந்தபடியே, பேரணாம்பட்டில் தோல் பதனிடும் வேலையில் இருந்த அவனோடு சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் சைகையால் பேச முடிந்தது.

அன்று எத்தனை முறை அழைத்தும் அவன் எடுக்கவில்லை. கடைசியில் வேறு யாரோ ஒருவரின் முகம் தெரிந்தது. வாய் மட்டும் அசைந்தது. பதறிப்போய் போனைச் சூப்பர்வைசர் ஜோதியிடம் நீட்டினாள். விஷயத்தைக் கேட்ட ஜோதி, தன் போனில் தட்டிக் காட்டினாள்: "மெஷின்ல ரெண்டு கையும் மாட்டிக்கிச்சி. ஆஸ்பத்திரில இருக்காரு. உயிருக்கு ஒண்ணும் இல்லக்கா."

பிரிசில்லா தன் போனை அவளிடமிருந்து பிடுங்கிப் பார்த்தாள். அந்த ஆள் இப்போது போனைக் கட்டில் பக்கம் திருப்பியிருந்தார். கௌதம் படுத்திருந்தான், இரண்டு கைகளிலும் பெரிய கட்டு. "ரொம்ப வலிக்குதா?" என்று சைகையில் கேட்டாள். பதில் சொல்லக் கையைத் தூக்கப் பார்த்தான்; முடியாமல் அழுதான். அவள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.