வாழைத்தோப்பில் குதித்த பொச்சோங்

நிங்ரும் எடுத்த வீடியோ ஒரு நிமிடம்கூட ஓடாது. கொல்லை வாழைத்தோப்பில், உச்சியில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணிக்குள் ஒரு பொச்சோங் பேய் குதித்துக் குதித்துப் போகும். வழியில் கிடந்த யாருடைய போனிலோ இருந்ததாக எழுதிப் போட்டாள். ஊரெல்லாம் பார்த்தது. யாரிடமும் முகம் பார்த்துப் பேசாத பெண்ணுக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

அண்ணன் வாசிஸுக்குப் பெண் கொடுக்கவிருந்த அம்மா, இபு சுமார்த்தியும் பார்த்தார். தோப்பை அடையாளம் கண்டுகொண்டார். பிணத்துக்குச் சுற்றும் கஃபன் துணியின் முடிச்சை அவிழ்க்காமல் புதைத்தவர்தானே பொச்சோங்காகத் திரும்பி வருவார்? அந்த வீட்டில் கடைசியாக இறந்தது வாசிஸின் அப்பா. பெற்ற அப்பனின் முடிச்சை அவிழ்க்காதவனுக்குப் பெண் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

குழிக்குள் இறங்கித் தன் கையாலேயே அவிழ்த்தவன் வாசிஸ். அவன் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். பேயாகக் குதித்தது நிங்ரும்தான்; குதிக்கும்போது அவளுக்கு அப்பாவின் நினைப்பே வரவில்லை. அன்று சுற்றிக்கொண்ட படுக்கை விரிப்பைச் சுருட்டி எடுத்தாள்.

"மாஸ், வண்டிய எடு" என்றாள் அண்ணனிடம்.

பெண் வீட்டுக்குப் போய், பேய் நான்தான் என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள். இபு சுமார்த்தி நம்பவில்லை.

"அண்ணனுக்காகப் பொய் சொல்றே. எனக்குத் தெரியாதா?"

நிங்ரும் கொண்டுவந்த விரிப்பை உதறினாள். விரிப்பைச் சுற்றிக்கொண்டாள். மணப்பெண் ரெட்னோ ஓடிவந்து உச்சியில் முடிச்சுப் போட்டாள். பட்டப்பகலில் முற்றத்தில் பொச்சோங் குதித்தது. கோழிக்கூடையில் இடித்துச் சாய்ந்தபோது, துணிக்குள்ளிருந்து ஒரு கை வந்து மாமரத்தைப் பிடித்தது.

ரெட்னோ வீடியோவை ஓட்டினாள். அதிலும் ஒரு கை வாழையைப் பிடித்தது.

"பொச்சோங்குக்கு ஏதும்மா வெளிய கை? வாட்ச் வேற கட்டியிருக்கு பாரு."

இபு சுமார்த்தி போனைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். உதட்டைக் கடித்தும் சிரிப்பு நிற்கவில்லை.

"இது என்ன குதி, தவளையாட்டம்? காலையும் சேத்துக் கட்டியிருந்தா இப்படித்தான் வரும்" என்று சரோங்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவரே முற்றத்தில் குதித்துக் காட்டினார். வேலிக்கு மேல் அக்கம்பக்கத்துத் தலைகள் முளைத்தன.

வாசிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அப்போ கல்யாணத் தேதி, இபு?"

"அத யாருப்பா மாத்துனா?" என்றார் அவர், மூச்சு வாங்க. பிறகு நிங்ரும் பக்கம் திரும்பினார். "நீ இன்னொரு தடவ குதி. கைய உள்ள வெச்சுக்கிட்டு."