கட்டிலின் நாலாவது கால்

வந்திருந்தவர்கள்: எஸ்தாக்கி, அவர் மனைவி, என் அம்மா ரெஜினா, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் சவேரி, ஆட்டோ ஓட்டும் பிரசாத், வீட்டுக்காரி ஜோவிதா, எழுதியவன் நான். பக்கத்து வீட்டுப் பாலாமணி எங்கள் கோவில் ஆள் இல்லை. ஆனாலும் டீ போட்டுக் கொடுக்க வந்தவள் முடியும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்ததால் அவளையும் எழுதினேன். உள்ளறையில் படுத்திருந்த ஜோவிதாவின் புருஷன் பிலவேந்திரனை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவரை வந்திருந்தவர் என்று சொல்ல முடியாது. அவர் எங்கேயிருந்தும் வரவில்லை. கடைசியில் எழுதவில்லை.

அன்பியக் கூட்டம் எங்கள் எஸ்டேட்டில் வாரம் ஒரு வீட்டில் நடக்கும். நற்செய்தியிலிருந்து ஒரு பகுதியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போம். பிறகு தன்னைத் தொட்ட சொல் எது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முடிவில், அந்த வாரம் எல்லாரும் சேர்ந்து செய்யப்போகிற ஒரு நல்ல காரியத்தை எழுதிக்கொள்வோம். பெரும்பாலும் 'நோயாளிகளுக்காகச் செபிப்பது' என்றுதான் எழுதுவேன். யாருக்கும் கை வலிக்காத காரியம். தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்டைப் பாதியில் விட்டு நின்றதிலிருந்து கூட்டக் குறிப்பு எழுதுகிற வேலை என்னுடையது. சும்மா இருக்கிறவனுக்குக் கோவில் வேலை கொடுத்தால் திருந்துவான் என்பது அம்மாவின் யோசனை.

அன்றைக்கு வாசிக்க வந்த பகுதி, முடக்குவாதக்காரனை நாலு பேர் படுக்கையோடு தூக்கிவந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கியது. எழுந்து உன் படுக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று அவர் சொல்ல, அவனும் எழுந்து போவான். யாரும் வேண்டுமென்று தேர்ந்தெடுக்கவில்லை. வரிசைப்படி அது வந்தது, வரிசைப்படி ஜோவிதா வீடும் வந்தது. எங்கள் அன்பியத்தின் பொறுப்பாளர் எஸ்தாக்கி. ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். வாசிக்கும்போது அந்தக் குரலை உள்ளறைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். சவேரி 'நாலு பேர்' என்ற சொல் தன்னைத் தொட்டதாகச் சொன்னான். அம்மா நம்பிக்கை என்றாள். வழி அடைத்துக் கிடந்தால் இன்னொரு வழியாகப் போவது தன் தொழிலிலும் உண்டு என்று பிரசாத் சொன்னான். நமக்குள்ளும் அப்படி நாலு பேர் எழும்ப வேண்டும் என்று எஸ்தாக்கி நீளமாகப் பேசி முடித்து, மரியாதைக்காக உள்ளே பார்த்து, பிலவேந்திரனைத் தொட்டது எது என்று கேட்டார்.

"கூரையப் பிரிச்சாங்களே, அது யாரு ஊடுங்கண்ணா?" என்று உள்ளேயிருந்து கேட்டது.

பேதுருவின் வீடாக இருக்கலாம் என்றார் எஸ்தாக்கி.

"மழ வந்தா பேதுரு என்ன பண்ணுவாரு? எங்க ஊட்டுல ஷீட்டு ஒடஞ்சு ஆபீஸ்ல சொல்லிச் சொல்லி வாயே வலிச்சுப் போச்சு."

எல்லாரும் சிரித்தோம். எஸ்தாக்கியும் சிரித்தார். பிலவேந்திரன் அப்படித்தான். சில்வர் ஓக் மரத்தில் கிளை வெட்ட ஏறி, விழுந்து, இடுப்புக்குக் கீழே எல்லாம் போனபிறகும் வாய் போகவில்லை. அவர் பேச்சைக் கேட்டபிறகுதான் கவனித்தேன். நற்செய்தியில் அந்த முடக்குவாதக்காரன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. தூக்கிவந்த நாலு பேருக்கும் பெயர் இல்லை. அவனுக்கு மனைவி இருந்தாளா, அதுவரை அவனைக் கழுவித் துடைத்துச் சோறு ஊட்டியது யார் என்று எழுதவே இல்லை. ஒருநாள் தூக்கியவர்கள் கதைக்குள் வந்துவிட்டார்கள். இதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். நான் வழக்கம்போல் 'எழுந்து நட' என்ற சொல் தொட்டது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஜோவிதா காலையில் கொழுந்து பறிக்கப் போகும்போது வீட்டை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவாள். வேறு வழியில்லை. எங்கள் பக்கம் கரடி எண்ணெய் வாசனைக்கு வரும். மாதா சிலை இருக்கும் கெபியில் விளக்குக்கு ஊற்றிய எண்ணெயை நக்கிவிட்டுப் போகும், சத்துணவுக் கூடத்தின் கதவை ஒரு தடவை பெயர்த்திருக்கிறது. பிலவேந்திரன் விழுந்த முதல் வருடம் அவள் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போன ஒரு நாளில், கரடி உள்ளே வந்து அடுப்படியில் எண்ணெய்ப் பாட்டிலை உடைத்துக் குடித்துவிட்டுப் போனது. கட்டிலில் அசையாமல் கிடந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததாக அவர் சொல்வார். அசையாமல் இருப்பது தனக்குச் சுலபமாக வந்தது என்பார். அதிலிருந்து பூட்டு. பூட்டியபின் அதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கதவைப் பார்த்து, "வந்துர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படி ஏறுவாள். இரவு முழுக்கத் தூக்கம் வராமல் விடிந்தபின் வாசலில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த இரண்டு இழுப்பும் தினமும் கேட்கும்.

தை மாதத்தில் ஒரு நாள் அவர் கட்டிலிலிருந்து சரிந்து விழுந்துவிட்டார். மத்தியானம் சாப்பிட வந்த பாலாமணிக்குத்தான் சத்தம் கேட்டது. சாவி ஜோவிதாவிடம், ஜோவிதா மறுபக்கத்து மலையில். கூப்பிட ஆள் அனுப்பிவிட்டுப் பாலாமணி கதவடியில் உட்கார்ந்து, கதவிடுக்கு வழியாக அவரோடு பேசிக்கொண்டே இருந்தாள். எதைப் பேசினாய் என்று பிறகு அம்மா கேட்டாள். சினிமாக் கதை சொன்னேன் என்றாள். ஜோவிதா ஓடிவந்து திறந்தபோது அவர் சிமெண்டுத் தரையில் குளிரில் நீலம் பாரித்துக் கிடந்து, "கதை முடியறதுக்குள்ள வந்துட்டியே" என்றாராம்.

அதனால் கூட்டத்தின் முடிவில் அவள் எழுந்து நின்றபோது எங்கள் எல்லாருக்கும் மனம் இளகித்தான் இருந்தது. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எஸ்தாக்கியைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

"வர்ற சனிக்கிழம இவர ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போவோணும். நாலு பேரு வேணுமுங்க."

அது மாதத்தின் முதல் சனிக்கிழமை, கோவிலில் குணமளிக்கும் வழிபாடு நடக்கும் நாள். எஸ்தாக்கி கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். வாசித்த வசனம் வாசித்த இடத்திலேயே பலிக்கிறது என்றார். தான் ஒரு ஆள் என்று முதலில் கையைத் தூக்கியவரும் அவர்தான். பிறகு சவேரி, பிரசாத், நான். 'பிலவேந்திரனைக் கோவிலுக்குத் தூக்கிச் செல்வது' என்று எழுதினேன். கோவில் என்று அவள் சொல்லவில்லை. எழுதியதை உரக்க வாசித்தபோதும் அவள் திருத்தவில்லை. உள்ளறையிலிருந்தும் சத்தமில்லை.

சனிக்கிழமை காலையில் பனிமூட்டம் கலையவில்லை. எஸ்தாக்கி வெள்ளைச் சட்டையும் கழுத்தில் செபமாலையுமாக வந்திருந்தார். வாடகைக்கு ஜீப் ஓட்டும் அழகர்சாமி மேலே ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே வந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பிலவேந்திரனுக்குச் சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் தடவி, ஸ்வெட்டர் போட்டுவிட்டிருந்தாள் ஜோவிதா. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பை. அதில் மடித்த வேட்டிகள், கம்பளி, தட்டு, டம்ளர், மாத்திரை டப்பா. கோவிலுக்குப் போக யாரும் தட்டு எடுத்துக்கொண்டு போவதில்லை.

எதற்கம்மா இதெல்லாம் என்று எஸ்தாக்கி கேட்டார். குன்னூரைத் தாண்டி சிஸ்டர்கள் நடத்தும் இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது, இன்றைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள் அவள். குரல் தாழவும் இல்லை, உயரவும் இல்லை.

"நாங்க தூக்கறதுக்கு வந்தது ஆண்டவர்கிட்டம்மா. புருசன ஊட்ட விட்டு வெளிய கொண்டுபோய்ப் போடறதுக்கு இல்ல."

"ஏனுங்கண்ணா, நான் என்ன அவர ரோட்டுலயா போடறேன்?"

எஸ்தாக்கி கல்யாணத்தில் கொடுத்த வாக்கு என்று ஏதோ தொடங்கினார். அவள் பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கப் போய்விட்டாள். அப்போது கட்டிலிலிருந்து பிலவேந்திரன் பேசினார். இந்தத் தடவை சிரிப்புக்காக இல்லை.

"எடம் கேட்டு எழுதச் சொன்னதே நாந்தானுங்கண்ணா. இவ வெளிய பூட்டுறா, நான் உள்ள கெடக்கறேன். இவளும் அங்க தோட்டத்துல வேல பாக்கறதில்ல, கதவத்தான் பாத்துட்டிருக்கறா." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அந்த முடக்குவாதக்காரன ஊட்டுக்குப் போன்னு ஆண்டவரு சொன்னாரு. அவன் எந்திரிச்சுட்டான், சொன்னாரு. எந்திரிக்காதவன எங்க போவச் சொல்லியிருப்பாரு?"

எஸ்தாக்கி பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் கெட்டவர் இல்லை. பிலவேந்திரன் விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர். தூக்க எனக்குக் கை வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருந்த ஒற்றையடிப் பாதையில் கோவில் பக்கம் இறங்கிப் போனார். வழிபாட்டுக்கு நேரமாகியிருந்தது.

நைலான் பட்டைக் கட்டிலின் தலைமாட்டில் சவேரியும் பிரசாத்தும், கால்மாட்டில் நான். நாலாவது கால் சும்மா இருந்தது. அழகர்சாமி பீடியை மிதித்து அணைத்துவிட்டு வந்து, எதுவும் கேட்காமல் அதைப் பிடித்தார். அவர் கூட்டத்துக்கு வராதவர். எந்த வசனமும் அவரைத் தொடவில்லை.

"நாலு பேரு எப்படியும் ஒரு நாளைக்குத் தூக்கத்தான் போறீங்க," என்றார் பிலவேந்திரன். "பழகிக்குங்க. தல மேல இருக்கோணும், கால் கீழ. மாத்திப் புடிச்சா ஆவியா வந்து ஒதைப்பேன். அதுக்குக் காலு வேணும், பாத்துக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. படிகள் ஈரமாக இருந்தன. எங்களுக்குப் பின்னால் ஜோவிதா கதவைச் சாத்திப் பூட்டும் சத்தம் கேட்டது. ஒரு சத்தம்தான். இழுத்துப் பார்க்கவில்லை, கதவிடம் எதுவும் சொல்லவும் இல்லை. உள்ளே யாரும் இல்லாத வீட்டில் கரடி வந்து என்ன செய்துவிடப் போகிறது. பாலாமணி அவள் கையில் ஒரு பிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டு, "அண்ணா, அந்தப் படத்தோட கிளைமாக்ஸ் நான் இன்னும் சொல்லவே இல்ல" என்றாள். நீயே வந்து சொல்லு என்றார் பிலவேந்திரன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேலே அவரை ஜீப்பின் பின்சீட்டுக்கு மாற்றினோம். அங்கே கட்டில் இருக்கிறதாம், இது வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள். சவேரி அதைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு படி இறங்கினான். படுக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவன் அவன்தான்.

அந்தப் பக்கத்தில் இறக்க ஆள் வேண்டுமென்று நானும் பிரசாத்தும் ஏறிக்கொண்டோம். வழியெல்லாம் ஜோவிதா அவர் தோளைத் தன்மேல் சாய்த்துப் பிடித்திருந்தாள். வளைவுகளில் மட்டும் பிடி இறுகியது. இல்லம் சுத்தமாக இருந்தது. நீளமான ஹால், ஜன்னலோரக் கட்டில், எதிரே வாயைத் திறந்து தூங்கும் ஒரு கிழவர். சிஸ்டர் கனிவாகத்தான் பேசினார். மாதம் இரண்டு ஞாயிறு வந்து பார்க்கலாம் என்றார். ஜோவிதா பையைப் பிரித்து ஒவ்வொன்றாக அடுக்கினாள், அடுக்கியதை மறுபடி அடுக்கினாள். படுக்கைப் புண்ணுக்கு எந்தப் பக்கம் தலையணை வைக்க வேண்டும் என்று சிஸ்டருக்குக் காட்டினாள். இனி செய்ய எதுவுமில்லை என்று ஆனபிறகும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போ," என்றார் அவர். "இருட்டறதுக்குள்ள ஊடு போய்ச் சேரு. கரடி வரும்."

அவள் தினமும் கதவைப் பார்த்துச் சொல்கிற சொல்லைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். வாய் அசைந்தது, சொல் வரவில்லை. ஹாலைத் தாண்டி முற்றத்தில் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். இங்கே இருப்பவர்களில் சிலர் நினைவு தப்பியவர்கள், ரோட்டுக்கு இறங்கிவிடுவார்கள் என்பதால் எப்போதும் பூட்டித்தான் வைப்போம் என்று வாட்ச்மேன் சொல்லிக்கொண்டே வந்தார். பெரிய கேட்டில் இருந்த சின்னக் கம்பிக் கதவு வழியாக நானும் பிரசாத்தும் வெளியே வந்தோம். கடைசியாக அவள் வந்தாள். வாட்ச்மேன் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சங்கிலியைச் சுற்றி, உள்பக்கமாகப் பூட்டினார். அழகர்சாமி வண்டியைக் கிளப்பிவிட்டார். ஜீப்பில் ஒரு காலை வைத்தவள், இறங்கித் திரும்பிப் போனாள். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பூட்டைப் பிடித்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.