உம்பாய்க்குக் குடிபோன குரல்

1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பவானேஸ்வரியின் குரல் மலாக்காவில் புக்கிட் பெருவாங் வீட்டை விட்டுக் கிளம்பி உம்பாய் கடற்கரைக்குக் குடிபோனது. அதே வாரம் கெம்போங் மீன் விலை ஏறியிருந்ததால் ஊரில் முதலில் அதைத்தான் பேசினார்கள். குரல் விஷயம் இரண்டாவதாகத்தான் வந்தது. மீன் சுட்டு விற்கும் கடைகளுக்குப் பின்னால், அலை வந்து தொடும் கற்களுக்கு மேலே, ஆளே இல்லாமல் அந்தக் குரல் சாயங்காலந்தோறும் தமிழில் விரிவுரை நடத்தியது. சாப்பிட வந்த மலாய்க்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நடுநடுவே சந்தைக்குப் பாசார், சந்துக்கு லோரோங், ஊருக்குக் கம்போங் என்று தங்கள் சொற்கள் வந்துபோனபோது, தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல் தலையாட்டினார்கள். வியாபாரம் குறையவில்லை என்பதால் கடைக்காரர்கள் யாரும் புகார் கொடுக்கவில்லை.

குரலுக்குச் சொந்தக்காரியான பவானேஸ்வரி ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தவள். தோட்டத்துத் தமிழர் வாயில் புழங்கும் மலாய்ச் சொற்களைப் பற்றி ஆறு வருடம் ஆராய்ந்து, தலைநகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுத்திருந்தாள். அந்த ஆறு வருடமும் சமையல், துணிமணி, மகள் கலைமகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அவள் கணவன் காளிமுத்துவின் பாடு. அவன் ஆயர் குரோவில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். "இது முடியட்டும்" என்பதுதான் அந்த வீட்டில் அதிகம் பேசப்பட்ட வாக்கியம். போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போக, இரண்டாவது பிள்ளை பெற, சும்மா உட்கார்ந்து ஊர்க்கதை பேச, எல்லாவற்றுக்கும் இது முடிய வேண்டியிருந்தது. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த காளிமுத்துவின் அப்பா வீரமுத்துவுக்கோ அந்தப் பொறுமையும் கிடையாது. நேர்முகத் தேர்வுக்கு முந்திய வாரமே தோட்டத்துக் கோவிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கி மாட்டி, 'உபயம்: டாக்டர் பவானேஸ்வரி' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதிவிட்டார். எழுத்து பெரிதாகப் போனதில் அம்மனுக்குப் பாதி வெளிச்சம்தான் கிடைத்தது.

தேர்வில் ஒரு கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை. ஆதாரமில்லாமல் சொல்லை இட்டுக்கட்டியிருக்கிறாள் என்று சொல்லி ஆய்வேட்டைத் தள்ளிவிட்டார்கள். கல்லூரியும் அவளை மறுபடி எடுத்துக்கொள்ளவில்லை. கோலாலம்பூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தவளின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை என்றார் டாக்டர், அதாவது ஊசி போடுகிற டாக்டர். அவள் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கப் போனாள். அங்கே பேச வேண்டிய அவசியமில்லை. வீரமுத்து ஏணி போட்டு ஏறி டியூப்லைட்டைச் சுரண்ட ஆரம்பித்தவர், மனசு கேட்காமல் பாதியில் இறங்கிவிட்டார். 'டர் பவானேஸ்வரி' என்று மிச்சம் நின்றது.

காளிமுத்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மோட்டார் சைக்கிளில் உம்பாய்க்குப் போய்க் குரலைக் கேட்டான். கூட வரக் கூப்பிட்டபோதெல்லாம் பவானேஸ்வரி தலையை ஆட்டி மறுத்தாள். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு 'என்னாங்க'. அடுப்படியிலிருந்து அவள் கூப்பிடும் அந்த 'என்னாங்க' மட்டும் குரலிடம் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருப்பவளுக்காக ஏங்குவது வெளியூர் போனவளுக்காக ஏங்குவதைவிடக் கஷ்டம், பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டும் வர முடியாது. குரல் சொல் சொல்லாக விளக்கிக்கொண்டே வந்து ஒரு சொல்லில் நின்றது: "ரிண்டு. மலாயில் ஏக்கம் என்று பொருள். தோட்டத்தில் 'ஒன்ன நெனச்சா ரிண்டா இருக்கு' என்பார்கள்." பிறகு தேர்வாளர்களின் கேள்வியைத் தானே கேட்டது: "எந்தத் தமிழனும் அப்படிச் சொல்வதில்லையே. யார் சொன்னது?" அதற்குப்பின் அலைச்சத்தம்தான். கொஞ்சம் பொறுத்து முதல் சொல்லிலிருந்து மறுபடி ஆரம்பித்தது.

யார் சொன்னது என்று காளிமுத்துவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. 1988இல், படிப்புக்காக அவள் முதல்முறை கோலாலம்பூருக்குக் கிளம்பியபோது, கைக்குழந்தையோடு மலாக்கா பஸ் நிலையத்தில் நின்று ஜன்னல் வழியாக அவன்தான் சொன்னான். மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவன். ஏக்கம் என்பது அவனுக்குப் பள்ளிப் புத்தகத்துச் சொல். பதிலைச் சொல்லிவிட்டால் குரல் திரும்பும் என்று தோன்றியது. ஆனால் மனைவியை 'வீட்ல' என்று மட்டுமே குறிப்பிடும் தோட்டத்தில் பிறந்தவன், மீன் பிய்த்துத் தின்னும் கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்று அதை எப்படிச் சொல்வான்? வெட்கம் மூன்று வருடம் நீண்டது. கலைமகள் நன்றாக வளர்ந்துவிட்டாள். சொல்வதெழுதுதலுக்கு அவன்தான் வாசித்தான், ளகரம் ழகரம் பாராமல்.

1997 செப்டம்பரில் இந்தோனேசியாவில் காடு எரிந்து, புகைமூட்டம் நாடு முழுக்கக் கவிந்தது. உம்பாயில் கடலே தெரியவில்லை. கடைகளில் ஆள் குறைந்தது. அந்தச் சனிக்கிழமை குரல் இருமியது. ஒவ்வொரு சொல்லுக்கும் இருமி, தேய்ந்து தேய்ந்து, "யார் சொன்னது?" என்பதற்குள் மூச்சுமட்டும் ஆகிவிட்டது. போய்விடும் என்று காளிமுத்து பயந்தான். யார் முகமும் யாருக்கும் தெரியாத புகை என்பதும் நல்லதாகப் போயிற்று.

"நாந்தான் சொன்னேன்!" என்று கத்தினான். "மலாக்கா பஸ் ஸ்டாண்டுல, நீ கே.எல். பஸ்ல ஏறுனப்ப. எனக்கு வேற வார்த்த தெரியல. இப்பவும் தெரியல. ரிண்டா இருக்கு, பவானி. ரொம்ப ரிண்டா இருக்கு."

புகைக்குள் எங்கேயோ ஒரு தட்டு கீழே விழுந்தது. குரல் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. வண்டியைக் கிளப்பியபோது பின்சீட் லேசாக அமுங்கியது. வழியெல்லாம் அவன் மெதுவாகவே ஓட்டினான், குழிகளைச் சுற்றிப் போனான்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. "என்னாங்க, மூஞ்சியக் கழுவிட்டு வாங்கலா. ஒரே பொகை." கலைமகள் ஓவென்று அழுதாள். காளிமுத்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

சாப்பிடும்போதுதான் கேட்டான். "அவங்க கேட்டப்பவே எம்பேரச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எனக்குச் சொன்னீங்க," என்றாள் பவானேஸ்வரி. "அவங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

பட்டம் கடைசிவரை வரவில்லை. அவளுக்கு அது இப்போதும் வலிக்கிறது. இல்லை என்று யாரும் நடிப்பதில்லை. கோவில் டியூப்லைட் பாதி எழுத்தோடு இன்னும் எரிகிறது. பழகின பழக்கத்தால் சனிக்கிழமை சாயங்காலமானால் குரல் தானாக உம்பாய்க்குப் போய்விடும். அந்நேரம் வீட்டில் சைகைதான். இருட்டுவதற்குள் காளிமுத்து போய்க் கூட்டிவருவான். ஒரு சனிக்கிழமை வண்டி பஞ்சரானபோது, பக்கத்து வீட்டு சுசீலா அக்கா வேலிக்கு அந்தப்புறம் நின்று, "சீக்கிரம் போய்க் கூட்டியா தம்பி, எங்களுக்கே ரிண்டா இருக்கு" என்றாள்.